மருந்து அண்ணத்துக்கு, பூஞ்சை பல்செட்டில்

64 வயது வாசகி ஒருவரின் கடிதம் இது. எட்டு ஆண்டுகளுக்கு முன் மேல் தாடைக்கு முழுப் பல்செட் கட்டிக்கொண்டார். இரண்டு ஆண்டாக அது தளர்ந்து ஆடுகிறது. போன வருடம் உள்பக்கத்தில் மெத்தென்ற பூச்சு ஒன்றை வைத்துக் கொடுத்தார்கள். ஆட்டம் குறைந்தது. ஆனால் ஆறு மாதமாக மேலண்ணம் முழுக்கச் சிவந்திருக்கிறது. வலி இல்லை, எப்போதாவது லேசான எரிச்சல் மட்டும். வாயின் இரண்டு ஓரமும் வெடித்து ஆறாமல் இருக்கிறது. பூஞ்சைத் தொற்று என்று சொல்லி ஒரு ஜெல் கொடுத்தார்கள். இரண்டு தடவை தடவினார், இரண்டு தடவையும் பத்து நாளில் சரியாகி, ஒரே மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டாக மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுக்கிறார்.

"சுத்தத்தில் நான் குறை வைப்பதே இல்லை. தினமும் இரண்டு வேளை டூத்பேஸ்ட் போட்டு அழுத்தித் தேய்க்கிறேன். வாரம் ஒருமுறை கொதிக்கிற வெந்நீரில் போட்டு எடுக்கிறேன். அப்படியும் வருகிறதென்றால் செட்டின் இந்த அக்ரிலிக் பிளாஸ்டிக் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதானே அர்த்தம்?" என்று கேட்கிறார். வளையும் பல்செட்டுக்கு மாறிவிடலாமா என்றும் யோசிக்கிறார். பேத்தி அவர் பக்கத்தில்தான் படுத்துக்கொள்கிறாள். பல்லில்லாத முகத்தைக் குழந்தை பார்த்துவிடக் கூடாது என்று இரவிலும் அவர் செட்டைக் கழற்றுவதில்லை. இது அவளுக்கு ஒட்டிக்கொள்ளுமா, புற்றுநோயாக மாறுமா என்ற பயமும் கடிதத்தில் இருக்கிறது.

அம்மா, உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன், போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். "மிச்சமிருந்த ஜெல்லை என் கணவருக்கும் தடவச் சொன்னேன், அவருக்கும் பல்செட்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வரி தள்ளி, அவர் இதயத்துக்காக, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுவதாகவும் சொல்கிறீர்கள். டியூபில் இருப்பதாக நீங்கள் குறிப்பிட்ட பெயர் மைக்கோனசோல். இவை இரண்டும் சேரக் கூடாது. வாயில் தடவும் ஜெல்தானே என்று தோன்றும். ஆனால் அதில் ஒரு பகுதி உடம்புக்குள் போய், வார்ஃபரின் சிதைந்து வெளியேறுவதைத் தடுத்துவிடும். இரத்தம் உறையும் தன்மை அளவுக்கு மீறிக் குறையும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் இதைப் பற்றித் தனியாகவே எச்சரித்தது. அவர் ஜெல்லை இன்றே நிறுத்தட்டும். வார்ஃபரினை அவராக நிறுத்த வேண்டாம். அவருடைய மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லி, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையை உடனே செய்துகொள்ளட்டும். கறுத்த மலம், சிறுநீரில் இரத்தம், காரணமில்லாத கன்றிப்போன தடம், நிற்காத ஈறுக் கசிவு, கடுமையான தலைவலி, இவற்றில் ஏதாவது இருந்தால் நாளை வரை காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

உங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மைக்கோனசோல், ஃபுளுகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகள் கிளிமிபிரைடின் வேகத்தைக் கூட்டி, சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடக்கூடும். ஜெல் தடவிய நாட்களில் வியர்த்து, கை நடுங்கி, படபடப்பாக இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

சரி, இனி உங்கள் அண்ணத்துக்கு வருவோம்.

பூஞ்சை எங்கே குடியிருக்கிறது

கேண்டிடா என்ற இந்தப் பூஞ்சை வெளியிலிருந்து புதிதாக வந்து தாக்கியது அல்ல. நலமாக இருப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வாயில் அது எந்தத் தொந்தரவும் செய்யாமல் இருக்கிறது. அதனால் பேத்தியைப் பற்றிய பயத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். ஆரோக்கியமான குழந்தைக்கு உங்கள் பக்கத்தில் படுப்பதால் எதுவும் வராது.

தொந்தரவு தொடங்குவது, அதற்கு ஒட்டிக்கொள்ள ஒரு தளமும் யாரும் கலைக்காத நேரமும் கிடைக்கும்போதுதான். வாயின் தோல் தன் மேலடுக்கை ஓயாமல் உதிர்த்துக்கொண்டே இருக்கும். அதில் ஒட்டிய கிருமியும் சேர்ந்தே போய்விடும். பல்செட் எதையும் உதிர்ப்பதில்லை. ஒட்டியது ஒட்டியதுதான். சில மணி நேரத்தில் பூஞ்சைச் செல்கள் பரப்பைப் பிடித்துக்கொள்கின்றன. இரண்டு மூன்று நாளில் பாக்டீரியாவும் சேர்ந்து, பிசின் போன்ற போர்வைக்குள் ஒரு கெட்டியான படலமாகிவிடும். அந்தப் போர்வைக்குள் இருக்கும் பூஞ்சையைக் கொல்ல, தனியாக மிதக்கும் பூஞ்சைக்குத் தேவைப்படுவதைப் போலப் பல மடங்கு மருந்து வேண்டும். படலத்திலிருந்து அது நூல் நூலாக வளர்ந்து அண்ணத்தைத் தொடுகிறது. அந்த நூல் வடிவத்தில் இருக்கும்போது அது ஒரு நச்சுப் புரதத்தைச் சுரந்து செல்களைத் துளைக்கிறது என்பது 2016இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. கேண்டிடாலைசின் என்று அதற்குப் பெயர்.

என்னிடம் வருகிறவர்களிடம் இதை வாயால் விளக்குவதைவிடக் காட்டிவிடுவேன். படலத்தை மட்டும் நிறமேற்றிக் காட்டும் ஒரு சாயம் உண்டு. கழற்றிய செட்டின் உள்பக்கத்தில் அதைத் தடவி, தண்ணீரில் அலசி, விளக்கின் கீழ் பிடிப்பேன். பல் வரிசையும் வெளிப்பக்கமும் பளிச்சென்று இருக்கும். உள்ளே அண்ணத்தின் வரிகள் பதிந்த குழிகள் மட்டும் அடர்ந்த ரோஸ் நிறத்தில் நிற்கும். அப்புறம் கையில் கண்ணாடியைக் கொடுத்து வாயைத் திறக்கச் சொல்வேன். அண்ணத்தில் சிவப்பு, பல்செட்டின் விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கேயே கோடு போட்டதுபோல முடிந்திருக்கும். நீங்களும் டார்ச் அடித்து இதைப் பாருங்கள்.

உங்கள் ஜெல் ஏன் வேலை செய்தும் நிற்கவில்லை என்பது இதிலேயே இருக்கிறது. மருந்து அண்ணத்துக்குப் போனது. பூஞ்சையின் வீடு செட்டில் அப்படியே இருந்தது. அண்ணம் ஆறியதும் அங்கிருந்து திரும்பக் குடியேறிவிட்டது.

வலி இல்லாததால் தாமதமாகப் பார்த்தோமே என்று உங்களை நொந்துகொள்ள வேண்டாம். இந்தத் தொந்தரவு பெரும்பாலும் வலிக்காது. நிறையப் பேருக்கு மருத்துவர் சொல்லித்தான் தெரியவரும்.

அக்ரிலிக் ஒத்துக்கொள்ளவில்லையா?

உண்மையான அக்ரிலிக் ஒவ்வாமை இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அபூர்வம். பூஞ்சை மருந்தால் ஒவ்வாமை அடங்காது. உங்களுக்கு இரண்டு முறையும் அடங்கியது. அதனால் சந்தேகம் பூஞ்சை மேல்தான் விழுகிறது. பல்செட்டுக்கு அக்ரிலிக் வந்தது 1930களின் பிற்பகுதியில். இத்தனை காலத்துக்குப் பிறகும் அதுவே நிலைத்திருக்கக் காரணம், அதைச் சீர்செய்வதும் மெருகேற்றுவதும் எளிது என்பதுதான். அதற்கும் குறைகள் உண்டு. தன் எடையில் சுமார் 2 சதவீதம் வரை தண்ணீரை உறிஞ்சும். சரியாக வேகவைத்து இறுக்காவிட்டால் உள்ளே நுண்துளைகள் இருந்துவிடும். விரிசலை அவசரமாக ஒட்டிக் கொடுக்கும்போது பயன்படுவது வெப்பமில்லாமல் தானே இறுகும் வகை. அந்த ஒட்டுப் போட்ட இடம் மற்ற இடத்தைவிடச் சொரசொரப்பாகவே இருக்கும்.

பொருளின் பெயரைவிட அதன் பரப்புதான் இங்கே பேசுகிறது. பரப்பின் மேடுபள்ளம் சராசரியாக 0.2 மைக்ரோமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால், அதற்கு மேல் மெருகேற்றுவதால் கிருமி ஒட்டுவது பெரிதாகக் குறைவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. செட்டின் வெளிப்பக்கத்தை அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம். உள்பக்கத்தை மெருகேற்றுவதே இல்லை. மெருகேற்றினால் அண்ணத்தோடு பொருந்தும் அச்சு தேய்ந்து செட் நிற்காது. அதனால் எந்தப் பல்செட்டுக்கும் பூஞ்சைக்கு வாகான பக்கம் உள்பக்கம்தான். பூஞ்சைச் செல் ஒன்றின் அளவு ஏறத்தாழ 5 மைக்ரோமீட்டர். அது பதுங்க ஒரு மெல்லிய கீறல் போதும்.

நீங்கள் நினைத்துவைத்திருக்கும் வளையும் செட் நைலான் வகை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சில பற்கள் மட்டும் இல்லாத இடத்தில், கம்பி தெரியக் கூடாது என்பவர்களுக்கு அது பயன்படும். ஆனால் அதை மெருகேற்றுவது கடினம், நாளாக நாளாக இன்னும் சொரசொரப்பாகும், தளர்ந்தால் உள்பக்கம் புதுப் பூச்சு வைப்பதும் சிரமம். அக்ரிலிக்கைவிட அதில் பூஞ்சை கூடுதலாக ஒட்டியதாகப் பல சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். பூஞ்சையிலிருந்து தப்ப அதற்கு மாறுவது, ஓட்டை வீட்டிலிருந்து இன்னும் பெரிய ஓட்டை வீட்டுக்குக் குடிபோவது மாதிரி.

கோபால்ட்-குரோமியம் உலோகத் தகடு வைத்த செட்டில் துளைகள் இல்லை, ஒட்டுவதும் குறைவு. ஆனால் உங்கள் தாடை எலும்பு இன்னும் கரைந்துகொண்டிருக்கிறது, அதனால்தான் செட் ஆடுகிறது. உலோகத்தின் உள்பக்கத்தை அடிக்கடி மாற்றியமைக்க முடியாது என்பதால் இப்போதைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். இன்னொரு வகை, அழுத்தத்தில் முன்பே இறுக்கிய அக்ரிலிக் கட்டியைக் கணினி வழி கடைந்து எடுப்பது. துளையும் குறைவு, பரப்பும் வழவழப்பு. புதுச் செட் கட்டுவதாகி, அந்த வசதியும் கிடைத்தால் நல்ல தேர்வு. முப்பரிமாண அச்சில் அடுக்கடுக்காக வார்ப்பதும் இதுவும் ஒன்றல்ல. அச்சிட்டதில் அடுக்கின் படிகள் தங்கிவிடும், நன்றாக மெருகேற்றியாக வேண்டும். பூஞ்சைக்கொல்லியையோ வெள்ளித் துகளையோ கலந்த பொருட்கள் பற்றியும் படிக்க நேரிடலாம். அவற்றை நம்பிச் சுத்தம் செய்வதைக் குறைக்க முடியாது.

ஆனால் அம்மா, உங்கள் விஷயத்தில் எட்டு வருட அக்ரிலிக்கைவிட ஒரு வருடப் பூச்சின் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். அந்த மெத்தென்ற பூச்சு சிலிக்கானாகவோ, மென்மையாக்கும் பொருள் கலந்த அக்ரிலிக்காகவோ இருக்கும். மென்மையாக்கும் பொருள் கொஞ்சம் கொஞ்சமாக எச்சிலில் கரைந்து வெளியேறும், விட்டுப்போன இடம் நுண்துளையாகும், அதில் பூஞ்சை உள்ளேயே இறங்கிவிடும். சிலிக்கானாக இருந்தால் ஓரத்தில் அக்ரிலிக்கை விட்டுப் பிரியத் தொடங்கும். புண் ஆறுவதற்கென்று தற்காலிகமாக வைக்கும் பூச்சுக்கு ஆயுள் சில நாட்களோ சில வாரங்களோதான். நகத்தால் மெல்ல அழுத்திப் பாருங்கள். முன்போல அமுங்காமல் கெட்டித்திருக்கிறதா, ஓரம் தூக்கியிருக்கிறதா, கழுவிய பின்னும் வாடை வருகிறதா? இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் அந்தப் பூச்சின் காலம் முடிந்துவிட்டது. அதைத் தேய்த்துச் சுத்தமாக்க முடியாது, எடுத்துவிடத்தான் வேண்டும்.

தேய்ப்பதையும் வெந்நீரையும் பற்றி

இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாக இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் அக்கறையோடுதான் செய்திருக்கிறீர்கள். டூத்பேஸ்ட்டில் இருக்கும் மெருகுத் துகள் பல்லின் எனாமலுக்கு ஏற்றது. அக்ரிலிக் அதைவிட எவ்வளவோ மெத்து. அழுத்தித் தேய்க்கத் தேய்க்கக் கீறல்தான் கூடும். கொதிநீர் அக்ரிலிக்கின் வடிவத்தை லேசாக வளைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த வளைவே செட் ஆடுவதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆடும் செட் அண்ணத்தை உரசும், உரசிய தோலில் பூஞ்சை எளிதாக இறங்கும்.

இனிமேல் மென்மையான பிரஷ், கொஞ்சம் திரவ சோப்பு, சாதாரணத் தண்ணீர் போதும். உள்பக்கத்துக்கு வெளிப்பக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள். கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு அதன் மேல் பிடித்துத் தேய்த்தால் கை நழுவினாலும் உடையாது. தேய்த்த பிறகு, பல்செட்டுக்கென்றே விற்கும் நுரைக்கும் மாத்திரையைத் தண்ணீரில் போட்டு, பெட்டியில் சொன்ன நேரம் ஊறவையுங்கள். தேய்க்காமல் வெறுமனே ஊறவைத்தால் படலம் போகாது. மாட்டும் முன் நன்றாக அலசிவிட வேண்டும். பிளீச் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நீர்த்த பிளீச் பூஞ்சையைக் கொல்லும் என்பது உண்மை. ஆனாலும் 10 நிமிடத்துக்கு மேல் ஊறக் கூடாது, மெத்தென்ற பூச்சையும் உலோகத்தையும் அது கெடுக்கும், அளவு தவறினால் நிறமும் போகும். உங்கள் பல் மருத்துவர் அளவு சொல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

செட்டைக் கழற்றிய பிறகு அண்ணத்தையும் நாக்கையும் ஈரத்துணியாலோ மெத்தென்ற பிரஷாலோ துடையுங்கள். இன்ஹேலர் இழுத்தவுடன் ஒவ்வொரு தடவையும் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். அண்ணத்தில் படியும் ஸ்டீராய்டு அந்த இடத்தின் எதிர்ப்பைக் குறைக்கிறது. இழுக்கும்போது ஸ்பேசர் என்ற குழாயை வைத்துக்கொண்டால் வாயில் படிவது குறையும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத நாட்களில் எச்சிலிலும் சர்க்கரை கூடும், வாயும் வறளும். இரண்டுமே பூஞ்சைக்குச் சாதகம்.

பல் மருத்துவரிடம் போகும்போது

முதலில் பழைய பூச்சை எடுத்துவிடச் சொல்லுங்கள். மருந்துக்கு, நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் கையில் கொண்டுபோங்கள். நிஸ்டாடின் என்ற பூஞ்சை மருந்துத் திரவம் குடலில் கிட்டத்தட்ட உறிஞ்சப்படுவதே இல்லை. கிளிமிபிரைடோடும் வார்ஃபரினோடும் மோதாது, அதனால் உங்கள் இருவருக்கும் பொருத்தமானதா என்று கேளுங்கள். அதை வாயில் வைத்திருக்கும்போது செட் கழன்றிருக்க வேண்டும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கொப்பளிப்பும் கொடுத்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தாதீர்கள், ஒன்றையொன்று முடக்கிவிடும். எவ்வளவு இடைவெளி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுச் செட்டுக்கு அவசரப்பட வேண்டாம். உங்களுக்கு அது தேவைதான், எட்டு ஆண்டில் எலும்பும் மாறியிருக்கும், செட்டின் பற்களும் தேய்ந்திருக்கும். ஆனால் வீங்கிய அண்ணத்தில் அச்சு எடுத்தால், வீக்கத்துக்குப் பொருந்தும் செட்தான் வரும். வீக்கம் வடிந்ததும் அதுவும் ஆடும். சில வாரம் ஆறவிட்டு அச்சு எடுப்பதே சரி. அதுவரை தற்காலிகப் பூச்சு வைத்தால் அதை அடிக்கடி மாற்றித் தரச் சொல்லுங்கள்.

வாயோரத்து வெடிப்பையும் காட்டுங்கள். செட்டின் பற்கள் தேய்ந்தால் வாய் மூடும்போது தாடை கூடுதலாக மேலேறும், உதட்டோரம் மடியும், அந்த மடிப்பில் எச்சில் தேங்கிப் பூஞ்சை வளரும். புதுச் செட்டில் உயரத்தைச் சரிசெய்தால் மடிப்பு குறையும். அதோடு இரத்தத்தில் இரும்புச்சத்தையும் பி12 அளவையும் பாருங்கள். மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது உண்டு. அந்தக் குறைவே வாயோரத்தைப் புண்ணாக்கும்.

புற்றுநோய் பயத்துக்கு நேராகவே பதில் சொல்கிறேன். செட்டின் எல்லைக்குள் நிற்கும், வலியில்லாத, மருந்துக்கு அடங்கும் சிவப்பு பூஞ்சையின் அழற்சிதான். சிலருக்கு அண்ணத்தின் நடுவில் சிறுசிறு முடிச்சாகப் புடைப்பு வரும், அதுவும் புற்று அல்ல. ஆனால் இரண்டு வாரமாகியும் ஆறாத புண், துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, கெட்டியான கட்டி, செட்டைக் கழற்றிச் சிகிச்சை எடுத்த பிறகும் மறையாத சிவப்பு, இவற்றில் எதையும் பூஞ்சை என்று விட்டுவிடக் கூடாது. அங்கே சிறு துண்டு எடுத்துச் சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

இரவு

கடைசியாக இதை வைத்ததற்குக் காரணம், இதுதான் உங்களுக்கு மிகக் கடினமானது என்று கடிதத்திலேயே தெரிகிறது. செய்ய வேண்டியவற்றில் இதற்குத்தான் முதலிடம். தூக்கத்தில் எச்சில் ஏறத்தாழ நின்றுவிடுகிறது. செட்டுக்கும் அண்ணத்துக்கும் நடுவே எச்சிலும் போகாது, நாக்கும் போகாது, காற்றும் குறைவு, அமிலத்தன்மை கூடும். 24 மணி நேரமும் மாட்டியிருந்தால் அந்த இடுக்கு ஒருபோதும் திறப்பதில்லை. இது அண்ணத்தோடு நிற்கிற விஷயமும் இல்லை. ஜப்பானில் 85 வயதைத் தாண்டிய 524 பேரை மூன்றாண்டு கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் அபாயம் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. உங்கள் வயது அதைவிடக் குறைவு, ஆனால் ஆஸ்துமா இருப்பதால் நுரையீரலைப் பற்றி நான் கூடுதலாகவே யோசிப்பேன்.

விளக்கை அணைத்த பிறகு கழற்றலாம். மூடியுள்ள கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தலைமாட்டில் வைத்து, அவள் எழும் முன் மாட்டிக்கொள்ளலாம். ஒரு இரவு முடியாமல் போனால், மறுநாள் அவள் பள்ளியில் இருக்கும் நேரம் முழுக்கக் கழற்றிவையுங்கள். அண்ணத்துக்கு ஓய்வு எந்த நேரத்தில் கிடைத்தாலும் லாபம்தான். ஆனால் அவளிடம் மறைக்க வேண்டுமா என்று நான் உங்களைத் திருப்பிக் கேட்பேன். அவளுக்கே பால் பல் ஆடி விழும் வயது என்று எழுதியிருக்கிறீர்கள். பல் இல்லாத வாய் அவள் கண்ணாடியில் தினமும் பார்க்கிற ஒன்று. நுரைக்கும் மாத்திரையைக் கிண்ணத்தில் போடும் வேலையை ஒருநாள் அவளிடம் கொடுத்துப் பாருங்கள், குமிழ் அடங்கும் வரை நகரமாட்டாள். போட்டு முடித்ததும் அவள் கையைக் கழுவிவிடுங்கள். மாத்திரைப் பெட்டி மட்டும் அவளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். அதை விழுங்கினால் ஆபத்து.